கியரில் மட்டும் புதுத் தோல்

இன்று ராணிப்பேட்டையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனேன்.

சீட் தோலெல்லாம் வெடித்திருந்தது. கியரைச் சுற்றிய உறை மட்டும் புத்தம் புதுத் தோல். இருபது வருடமாகத் தோல் வாங்கி விற்பவன் கண்ணுக்கு இது தப்புமா?

“இன்னா பாய், இங்க மட்டும் பிரிச்சுத் தெச்சிருக்கீங்க?”

“பழசாய்டுச்சு, மாத்தினேன்” என்றார் கார்க்காரர், என்னைப் பார்க்காமல்.

நிறைமாதக் கர்ப்பிணியாக வாசலில் நின்ற அவர் மனைவி சிரித்துவிட்டார். “ரெண்டாவது கியர் விழாதுண்ணா. ஸ்கேனுக்குப் போறப்ப சிக்னல்லயே நின்னுட்டோம்.”

பாய் முகம் சுருங்கியது. “இரட்டைக் குழந்தைங்க. ரெண்டு சீட்டு வண்டில நாலு பேர் எப்டி போறது? கியர் விஷயம் சொன்னா எல்லாரும் ஓடிடறாங்க.”

எங்கள் தொழிலில், ஓட்டையைச் சொல்லி விற்றால் விலைதான் குறையும். மறைத்தால் லோடே திரும்பி வரும். சொன்னது மனைவிதான், ஆனாலும் சொன்னது சொன்னதுதான். மெக்கானிக்கிடம் போனில் கேட்டு, ரிப்பேர் செலவை மட்டும் கழித்து வாங்கிவிட்டேன்.

ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவித் தாவி ஆம்பூர் வந்து சேர்ந்தேன்.

என் மனைவி காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ரெண்டு சீட்டுல நாம அஞ்சு பேர் எப்டி போறது?”

பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வாசலிலேயே நிற்கிறேன்.