யாரும் தொடக்கூடாத தட்டு

ஒரு செடியைத் தினமும் தடவிக்கொடுத்தால் அது குட்டையாகிவிடும். காற்றோ மாடோ இடித்துக்கொண்டே இருக்கிறது என்று எண்ணி, உயர்வதை விட்டுவிடும். தொட்டதை அதற்கு உணர்த்துவது எந்த மரபணு என்பதுதான் என் ஆராய்ச்சி. ஐந்து வருடமாக ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் ஏறி, தாம்பரத்தில் ரயில் பிடித்து, கல்லூரிக்குப் போய்க் கடுகுக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தேன். வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தால், "செடி வளரட்டும்" என்று வாயை அடைத்துவிடுவேன்.

அந்தச் சோதனைதான் என் கடைசி வாய்ப்பு. மாதக் கடைசியோடு முனைவர் பட்டத்துக்கான என் பதிவுக் காலம் முடிகிறது. இரண்டு தட்டுகள். இரண்டிலும் பாதி சாதாரணச் செடிகள். மீதியில் நான் சந்தேகப்பட்ட மரபணுவை முடக்கியிருந்தேன். வலது தட்டைத் தினமும் தூரிகையால் தடவ வேண்டும். இடது தட்டை யாரும் தொடக்கூடாது. அதில் எல்லாமே உயரமாக வளர வேண்டும்.

வளரவில்லை. அங்கும் சாதாரணச் செடிகள் குட்டையாகவே நின்றன. விளக்கைச் சோதித்தேன், தண்ணீரைச் சோதித்தேன், கடைசியில் என் மூளையையே சந்தேகப்பட்டேன். ஒருநாள் ரயிலில் நின்றபடியே அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார்.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் சீக்கிரமே போய்விட்டேன். அறையைத் துப்புரவு செய்யும் அக்கா தட்டுகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, இடது தட்டின் இலைகளை ஈரப் பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"டெய்லி தொடைக்கிறதுதான்மா. அந்தாண்ட கீற செடிங்கள நீ தடவிக் குடுக்குற. இத்த ஒருத்தரும் கண்டுக்கல. பாவமா இருந்துச்சு."

"தொடக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கேனே, கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன்.

"அது இங்கிலீஷ்ல கீதுமா," என்றார். டீ நேரத்தில் தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவர் அவர். எனக்கு அது தெரியும்.

கால நீட்டிப்பு வேண்டுமென்றால் காரணம் எழுதிக் கொடு என்றார் என் பேராசிரியர். துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவு என்று எழுதினேன். ஆங்கிலத்தில் ஒட்டியதை எழுதினால் தப்பு என் தலையில் விழும், அவகாசம் கிடைக்காது. ஐந்து வருடத்தைத் தூக்கிக் குப்பையில் போட எனக்குத் தைரியமில்லை.

ஆறு மாதம் கிடைத்தது. அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போகிற அன்று அறை வாசலில் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"யாரோ எம்மேல எழுதிக் குடுத்துட்டாங்களாம்மா. நீ சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னா கேப்பாரு."

"சொல்றேன்க்கா," என்றேன்.

சொல்லவில்லை.