ஒரே பெயரில் இரண்டு பூக்கள்

என் பழைய குறிப்பேட்டில் இரண்டு பூச்செடிகள் ஒட்டியிருக்கின்றன. பறித்தபோது இளஞ்சிவப்பு; இப்போது தேயிலைச் சாயத்தின் நிறம். இரண்டின் கீழும் காட்டுக் காசித்தும்பை என்றே எழுதியிருக்கிறேன். இரண்டாவதன் பெயரை மட்டும் பிறகு அடித்துவிட்டேன்.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்த காலத்தில், ஈரமான இடத்துப் பூக்கள் எங்கே, எந்தத் தேதியில் பூத்தன என்று எட்டு ஆண்டுகள் எழுதி வைத்தேன். ஒரு மாசி மாதம், மேல் லயத்து வரிசை வீடுகளின் மக்கள் தண்ணீர் பிடிக்கும் பீலி வற்றியது. பெண்கள் ஆற்றிலிருந்து குடம் சுமந்து ஏறினார்கள். தேயிலைக்கு நடுவே வடிகால் வெட்டுகிறவர் ஒருவர் அங்கே இருந்தார். அவருடைய மனைவிக்கு நிறைமாதம். பிள்ளை பிறப்பதற்குள் பீலியில் தண்ணீர் விழவேண்டும் என்பதுதான் அவருடைய கவலை.

காட்டுக் காசித்தும்பை நிற்கிற இடத்தில் தண்ணீர் இருக்கும் என்று நம்பினேன். குறிப்பேட்டைப் புரட்டி, அது அதிக முறை பூத்த பாறை இடுக்கைக் காட்டினேன். அவர் வேலை விட்டு வந்து மூன்று மாலை தோண்டினார். காய்ந்த மண்தான் வந்தது.

குடத்தோடு ஏறிய பெண்ணொருத்தி நின்றாள். "என்னங்க கிளாக்கரய்யா, நோட்டப் புழிஞ்சா தண்ணி வருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டை வாங்கினார். ஒட்டிய இலைகளை நுனிவிரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது வேற, அது வேறங்க. பச்ச எல மழைக்கு வந்துட்டுப் போயிரும். எலைக்கு அடியில செவப்பா இருக்கு பாருங்க, அதுதான் மழையில்லாத காய்ச்சல்லயும் நிக்கும். ஊத்து இருந்தாத்தான் நிக்கும்."

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீங்க நோட்டப் பாத்து சொல்றீங்க. நான் என்னத்தங்க சொல்றது?"

குறிப்பேட்டில் இரண்டாவதாக இருந்த அந்தச் சிவப்பு இலையின் கீழே, பறித்த இடம் கோயில் மேட்டுச் சரிவு என்றிருந்தது. மறுநாள் அங்கே போனோம். அந்த வெயிலிலும் பன்னச் செடிகளின் நிழலில் ஒரு செடி பூத்து நின்றது. முழங்கால் ஆழத்தில் மண் கறுத்தது. இன்னும் ஒரு சாண் போனதும் தண்ணீர் ஊறியது. அங்கிருந்து பீலிக்குக் குழாய் போட்ட மூன்றாம் நாள் அவருக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள்.

இப்போது ஹட்டனில் இருக்கிறேன். போனில் படம் பிடித்தால் பூவின் பெயர் வந்துவிடுகிறது. போன வாரம் ரோட்டோர நீர்க்கசிவில் அதே இளஞ்சிவப்பைக் கண்டேன். பக்கத்தில் ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். போனைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, "இது என்ன பூங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் குனிந்து இலையைத் திருப்பினார்; அடியில் சிவப்பு. அவர் சொன்ன பெயரை வீட்டுக்கு வந்து, அடித்த பெயருக்குப் பக்கத்தில் தேதியோடு எழுதினேன்.