நசீர் நானாவின் காலடிச் சத்தம்

போன கிழமை எங்கள் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. கூடி வேலை செய்வது எப்படி என்று சொல்லித்தர ஓர் இளம்பெண் வந்திருந்தார். கைலேஞ்சியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, இன்னொருவர் சொல்லச் சொல்லக் கடதாசிக் கோப்பைகளை அடுக்க வேண்டுமாம். ஓய்வுபெற ஆறு மாதம் இருக்கிற என்னைத்தான் பிடித்துக் கட்டினார்கள். முதல் கோப்பையையே கீழே போட்டுவிட்டேன். வயது என்று நினைத்துச் சிரித்தார்கள். எனக்கோ கோதுமை மா மணத்தது.

இருபத்திரண்டு வயதில் துறைமுகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். கப்பல் தட்டில் நின்று, வேலைக்கு வந்தவர்களின் பெயரைக் குறிப்பதுதான் என் வேலை. சட்டைப் பையில் இரண்டு பேனை. ஒன்று சும்மா எடுப்புக்கு. கயிற்று வலையில் கட்டிய மா மூட்டைகளை வின்ச் இயந்திரம் தூக்கிக் கப்பலின் அடித்தளத்துக்குள் இறக்கும். அதை இயக்கியவர் உப்புவெளிச் சிவபாலன் அண்ணை. அடித்தளத்தின் வாய் விளிம்பில் நின்று கையால் சைகை காட்டுபவர் கிண்ணியா நசீர் நானா. கீழே மூட்டை அடுக்க மதன் உட்பட நால்வர். அவர்களுடைய வேகத்தைப் பார்க்கவே மற்றக் குழுக்காரர் வருவார்கள்.

நானா கையைக் காட்டும்போதே காலாலும் இரும்புத் தட்டில் தட்டுவதை ஒருநாள் கவனித்தேன்.

“அண்ணைக்குக் கண் தெரியாதோ?” என்று மெல்லக் கேட்டேன்.

“மங்கல்தான். பாக்கிறது எண்ட கண், இறக்கிறது அவர்ர கை. வேலை நடக்குதுதானே தம்பி?”

இந்த ரகசியம் எனக்கும் தெரியும் என்பதில், வெட்கத்தை விட்டுச் சொன்னால், பெருமையாக இருந்தது. நானும் அந்தக் குழுவில் ஒருவனாகிவிட்டேன் அல்லவா!

பிறகு ஒரு காலை நானாவின் உம்மா மௌத்தாகிவிட்டார் என்று செய்தி வந்தது. அவர் அடக்கத்துக்கு ஓடினார். பதிலுக்குப் புல்மோட்டைக்காரர் ஒருவரை அனுப்பினார்கள். அண்ணை என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, சொல்லிப்போடாதேங்கோ. பின்னேரம் வரைக்கும்தானே.”

நான் சொல்லவில்லை. பத்து மணியிருக்கும். நிறுத்தும்படி புதியவர் கையை உயர்த்தினார். வலை நிற்கவில்லை. கீழே மதனின் அலறல்.

“நான் கைய உயத்தினனான்! எல்லாரும் பாத்தனீங்கள்தானே?” என்று புதியவர் கத்திக்கொண்டே இருந்தார்.

ஓம், பார்த்தோம். ஒருவரைத் தவிர.

மதனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மதன் என்னிடம் முதலில் கேட்டது இதுதான்: “அண்ணையின்ர கண்ணை டொக்டரிட்ட ஒருக்காக் காட்டச் சொல்லுங்கோவன்.”

“உனக்குத் தெரியுமோ?”

“எங்கட நாலு பேருக்கும் தெரியும்.”

ஆளுக்காள் காத்த ரகசியம். தெரியாதவர் அந்தப் புல்மோட்டைக்காரர் மட்டும்தான்.

விசாரணையில் சைகை பிந்தியது என்று எழுதினார்கள். வாய் திறந்தால் அண்ணையின் குடும்பம் தெருவில் நிற்கும்; திறக்காவிட்டால் பழி புல்மோட்டைக்காரர் தலையில். மதன் தவிர்ந்த ஆறு பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் வேறெதையும் செய்ததில்லை. அண்ணை அதன்பின் வேலைக்கு வரவேயில்லை.

இப்போது மூட்டை அடுக்க ஆட்கள் கப்பலின் அடித்தளத்துக்குள் இறங்குவதில்லை. குழுவில் உயிரோடு இருப்பது நானும் மதனும்தான். சில வருடங்களுக்கு முன் புல்மோட்டைக்குப் பேருந்து ஏறிப் போய் விசாரித்தேன். அவர் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டாராம், எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் கையைச் சரியான நேரத்துக்குத்தான் உயர்த்தினார். அதை அவரிடம் சொல்ல இனி வழியில்லை.