குவாரி வேண்டாம் என்று தூக்கிய கை

எங்கள் ஊர் கடையத்துக்குப் பக்கம். ஊருக்கு மேற்கே இரண்டாவது கல்குவாரி வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதுமே எனக்குத் தூக்கம் போய்விட்டது. இருக்கிற குவாரியில் வெடி வைக்கும்போதெல்லாம் என் மகள் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். அடுப்படிச் சுவரில் விரல் நுழைகிற விரிசல்.

கலிபோர்னியாவில் இருக்கும் தங்கை போனில் சொன்னாள். "அக்கா, இங்க ஜனங்களே கையெழுத்து வாங்கி ஒரு சட்டத்த ஓட்டுக்குக் கொண்டு வந்துட்டாங்க. நானும் ஓட்டுப் போட்டேன். நீங்களும் கிராம சபைல எதிர்த்துத் தீர்மானம் போடுங்க."

"நீ எந்தப் பக்கம் போட்டேன்னு யாருக்காவது தெரியுமா?"

"எப்படித் தெரியும்? ரகசிய ஓட்டுல்லா."

"இங்கன கையத் தூக்கணும்ட்டி. எல்லாரும் பாப்பாக."

அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

என் கணவர் போலீஸ்காரர், தென்காசியில் வேலை. கிராம சபை அன்று காலை சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே, "போ, உக்காரு, வந்துரு. வாயத் திறக்காத" என்றார். பகலெல்லாம் நானும் பிள்ளையும் தனியாக இருக்கிற வீடு.

பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் பந்தல். குவாரி ஆட்கள் ஒரு ஜீப்பில் சாய்ந்து நின்றார்கள். ஒருவன் போனைத் தூக்கி எங்கள் முகங்களை வரிசையாக வீடியோ எடுத்தான்.

"குவாரி வேண்டாங்கிறவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர். யாரும் தூக்கவில்லை. நேற்றுவரை குழாயடியில் குவாரியைத் திட்டிய பெண்கள் தரையைப் பார்த்தார்கள். "அப்போ யாருக்கும் ஆட்சேபணை..." என்று அவர் இழுத்தபோது, அதை முடித்துவிடுவாரே என்ற பதற்றத்தில் என் கை எழுந்துவிட்டது. போன் என் பக்கம் திரும்பியது.

எதிர்வீட்டுக்காரி என் சேலையை இழுத்தாள். "கீழ போடுட்டி, பாக்கான்."

நான் போடவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தவள், அழுதுகொண்டே தன் கையையும் தூக்கினாள். அப்புறம் பீடி சுற்றும் பெண்கள், கடைசியாக ஆண்கள். குவாரி கூடாது என்று தீர்மானம் எழுதினார்கள்.

சாயங்காலம் அந்த ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்று உறுமிக்கொண்டே இருந்தது. ஜன்னலை அடைத்து, மகளை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். அது போனபிறகுதான் கணவர் வந்தார். "வீடியோ வாட்ஸ்அப்புல எனக்கும் வந்துச்சு" என்றார். திட்டவில்லை. மறுநாள் கதவுக்குப் பெரிய தாழ்ப்பாள் வாங்கி வந்தார்.

இரண்டாவது குவாரி இதுவரை வரவில்லை.

போன சீசனில் குற்றாலம் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். பழக்கடை ஓரமாக நின்ற ஒரு ஆள், "அந்த வீடியோல கை தூக்குனது நீங்கதானக்கா?" என்று கேட்டான். மகளை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினேன். பாராட்டத்தான் கேட்டானோ என்னவோ. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.