இடுப்புள்ள எழுத்து

செல்வராசு இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் ஒரு படமாக வந்தது. மூன்று வண்ணம், நிழல் வைத்த கொழுத்த எழுத்து. பார்த்திருந்தால் தன் சாவைவிட அந்த எழுத்துக்காகத்தான் வருந்தியிருப்பார். அவரோடு எழுத்துரு வேலை செய்த நண்பர்களே, உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

குத்தாலத்துக்கு அருகே கூலிக் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் வடிவமைப்பு படித்து, ஊருக்கே திரும்பியவர். தலைப்புகளுக்கென்று ஓர் எழுத்துருவைப் பதினோரு வருடம் வரைந்துகொண்டிருந்தார். தடித்த கோடு கம்பீரமாக இறங்கும். வளைவில் மயிரிழையாக மெலியும். முனையில் சின்னதாக ஒரு பாதம். "கட்சிக்காரங்க சுவர்ல எழுதுறதெல்லாம் வயிறு முட்டத் தின்ன எழுத்துங்க. நம்ம எழுத்துக்கு இடுப்பு வேணும்" என்பார்.

அவர் தெருவில் நாற்பது வீடுகளுக்குப் பட்டா இல்லை. மனை தன்னுடையது என்று பழைய மிராசு குடும்பம் வழக்குப் போட்டிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுக்கும் நாளுக்கு வாசகம் எழுதித் தந்தது, ஊர்ப் பள்ளியில் டீச்சரான நான். பேனர் அவர் பொறுப்பு. கடைசி நாள் வரை "ழ" சரியாக வரவில்லை என்று இழுத்தடித்தார். "வீடு போயிடும் செல்வராசு" என்றேன். "அசிங்கமா கேட்டா மட்டும் குடுத்துடுவாங்களா?" என்றார்.

மறுநாள் தாலுகா அலுவலக வாசலில் பேனரை விரித்தோம். பத்தடி தள்ளி நின்றால் மெல்லிய கோடுகளைக் காணவில்லை. தடித்த துண்டுகள் மட்டும் வேலிக்கம்புகள் போல நின்றன. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அஞ்சலை, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு நம்பர் போடுகிறவர், பையிலிருந்து மை டப்பாவையும் தூரிகையையும் எடுத்தார். டப்பாவை நான் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அது இடுப்பு! அதுல கை வைக்காதீங்க!" என்று கத்தினார் செல்வராசு.

"இடுப்பு இருந்து என்ன தம்பி, ஆளே தெரியலையே!"

ஒவ்வொரு கோடாகத் தடித்தது. அதிகாரி ஜீப்பிலிருந்தே படித்துவிட்டு, "யாரு மனு?" என்று கேட்டார். பட்டா அடுத்த வருடம்தான் வந்தது. பேனரால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

டப்பா பிடித்த குற்றத்துக்காக ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார், மெல்லிய கோடுகளைத் தடிப்பாக்கச் சொன்னபோதெல்லாம் "பாக்கலாம் மேடம்" என்றார். கடைசிவரை ஒரு நூலளவுகூடத் தடிக்கவில்லை.

அவருடைய அஞ்சலி பேனரை அவர் எழுத்திலேயே அடிக்கச் சொன்னேன். தெருமுனையில் கட்டினார்கள். எதிர்பார்த்தபடியே தூரத்திலிருந்து பெயர் தெரியவில்லை. அஞ்சலை டப்பாவோடு வந்தார். வெகுநேரம் பார்த்தார். மூடியைத் திறக்கவில்லை.

"இருக்கட்டும் டீச்சர். வேணுங்கிறவங்க பக்கத்துல வந்து படிக்கட்டும்."

அந்த ஜமாபந்தி பேனர் என் அலமாரியில் மடித்துக் கிடக்கிறது. நேற்று விரித்துப் பார்த்தேன். மூட்டை மைக்கு அடியில், ஓரங்களில், அவருடைய கோடு தெரிகிறது. அழகான எழுத்து. அதை அவரிடம் நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.