திண்டிவனத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில் நான்

டிரங்க் கால் ஆபரேட்டர் என்றால், பேச நினைக்கும் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரிடமும் திட்டு வாங்குகிறவர் என்று அர்த்தம். கால் புக் செய்துவிட்டு, போன் பக்கத்திலேயே சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தவர் நீங்கள் என்றால், அந்தத் திட்டில் உங்கள் பங்கும் கொஞ்சம் இருந்திருக்கும். இருக்கட்டும். நீங்கள் அந்த முனையில் பட்ட அவஸ்தையைத்தான் நான் இந்த முனையில் பட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில் விழுப்புரம் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தேன். திண்டிவனத்துக்காரர் பாண்டிச்சேரியோடு பேச வேண்டுமென்றால் அப்போது நேராகப் பேச முடியாது. அவர் திண்டிவனம் ஆபரேட்டரிடம் கேட்பார், அந்த ஆபரேட்டர் என்னிடம் கேட்பார், நான் பாண்டிச்சேரி ஆபரேட்டரிடம் கேட்பேன். அங்கே ஆள் கிடைத்ததும் பதில் அதே வழியாகத் திரும்பி வரும். அப்புறம் நான் ஒரு ஒயரின் இரண்டு முனையையும் போர்டில் செருகி இரண்டு ஊரையும் சேர்த்துவிடுவேன். எங்களுக்குள் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமெல்லாம் இல்லை, ஊர்தான் பேர். நான் விழுப்புரம். அந்தப் பக்கம் பேசுகிற ஆண் குரல் திண்டிவனம்.

சண்டைக்கு வந்தவர்

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டி முதலாளி இருந்தார்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். காலையில் அவர் கேட்கிற பாண்டிச்சேரி கால் மத்தியானம்தான் கிடைக்கும். அதற்குள் அவர் திண்டிவனம் ஆபரேட்டரைத் திட்டி, திண்டிவனம் அந்தத் திட்டைக் குறைக்காமல் எனக்குக் கொடுத்து, நான் அதைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பாமல் நானே வைத்துக்கொள்வேன். ஒருநாள், விழுப்புரத்துக்கே வந்து அந்தப் பொம்பளையை நேரில் இரண்டு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று பஸ் ஏறிவிட்டார்.

வெள்ளை வேட்டி, வியர்வையில் நனைந்த ஜிப்பா. வாசலிலேயே குரல் கேட்டது. எங்கள் சூப்பர்வைசர் தணிகாசலம் சார் அதிர்ந்து பேசாத மனிதர். உட்காருங்கள் என்று சொல்லி, என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார். முதலாளி உட்கார்ந்து பார்த்தார். பாண்டிச்சேரிக்கு இருந்தது ஒரே லைன். அதைக் கேட்டுத் திண்டிவனம் கூப்பிட்டது, செஞ்சி கூப்பிட்டது, உள்ளூர் ஆஸ்பத்திரி கூப்பிட்டது, ஒரு அரிசி மில் இரண்டு தரம் கூப்பிட்டது. நான் தண்ணீர் குடிக்கச் செம்பை எடுத்து, குடிக்காமலே மூன்று தரம் கீழே வைத்ததையும் பார்த்தார். கடைசியில் எழுந்தார். நான் திட்டுக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "இத்தினி ஊருக்கும் ஒரே கம்பிதானாம்மா? எனக்குன்னு ஒண்ண வச்சிகினு நீங்க குடுக்க மாட்டேங்கறீங்கன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்."

த்ரேஸ்

பாண்டிச்சேரி போர்டில் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே வேலை பார்த்த ஒரு பெரியவர் இருந்தார். "ஹலோ" சொல்லமாட்டார், "அல்லோ"தான். சாதாரண நேரத்தில் நம்பரைத் தமிழில் சொல்வார். அவசரம் வந்துவிட்டால் பிரெஞ்சு வந்துவிடும். திண்டிவனத்தில் பதிமூன்றாம் நம்பர் வேண்டுமென்றால் "த்ரேஸ்" என்பார். ஆரம்பத்தில் நான் அது ஏதோ ஒரு அம்மாவின் பெயர் என்று நினைத்து, தெரேசம்மாள் வீட்டைத் தேடச் சொல்லித் திண்டிவனத்தை வாட்டியிருக்கிறேன். பெரியவர் கோபப்படாமல் எனக்கு ஒன்றிலிருந்து கற்றுக் கொடுத்தார். லைன் சும்மா இருக்கிற நேரத்தில் அவர் சொல்ல நான் சொல்ல, வாய்ப்பாடு மாதிரி ஓடும். கடைசியில் அது எனக்கும் தொற்றிக்கொண்டு, உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் த்ரேஸ் என்று சொல்லிவிட்டேன். தணிகாசலம் சார் தலையைத் தூக்காமல் சொன்னார்: "வெள்ளைக்காரன் ஊரைக் குடுத்துட்டுப் போயிட்டான், நம்பரை மட்டும் நம்ம போர்டுல மறந்து வச்சிட்டுப் போயிட்டான் போலிருக்கு."

மூன்று பேர் பேசிய சமாதானம்

இரண்டு லைனும் தனித்தனியாக நன்றாக இருக்கும், சேர்த்துவிட்டால் குரல் கிணற்றுக்குள் போய்விடும். இது அடிக்கடி நடக்கும். அப்போது நடுவில் இருக்கிற ஆபரேட்டர் இவர் சொல்வதைக் கேட்டு அவருக்குச் சொல்ல வேண்டும். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது. வியாபாரப் பேச்சென்றால் சிரமமில்லை. ஒருநாள் வந்தது புருஷன் பெண்டாட்டி பேச்சு.

அவர் திண்டிவனத்தில் வாத்தியார். அவருடைய அக்கா வந்திருந்த அன்றைக்குச் சாப்பாட்டைப் பற்றி அவர் ஏதோ சொல்லப்போக, மனைவி பாண்டிச்சேரியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். வாத்தியார் போஸ்டாபீசில் வந்து கால் போட்டார். பாண்டிச்சேரியில் பக்கத்துக் கடை போனுக்கு அந்த அம்மா வந்து நின்றார். லைன் சேர்த்தேன், ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. நான் நடுவில் பேசட்டுமா என்று கேட்டேன். வாத்தியார் சரி என்றார். தான் சொன்னது தப்பு என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். எதைச் சொன்னது தப்பு என்று கேட்கச் சொன்னார் அந்த அம்மா. கேட்டேன். சாம்பாரைச் சொன்னது தப்பு, அக்கா எதிரில் சொன்னது அதைவிடத் தப்பு என்றும், மூன்று நாளாக ஓட்டலில் சாப்பிடுவதாகவும் வாத்தியார் சொல்லச் சொன்னார். அதற்கு மேல் அவர் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்து திண்டிவனத்தைக் கேட்டேன். திண்டிவனம் தாழ்ந்த குரலில், வாத்தியார் அழுகிறார், அதையும் சொல்லிவிடு என்றது.

சட்டத்தில் அதற்கு இடம் உண்டா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். அந்த அம்மா சொன்னார்: "நாளைக்கு மொத வண்டில வர்றேன்னு சொல்லுங்க. ஆனா இதையெல்லாம் அவரு மறுபடியும் ஒரு தரம் நேர்ல சொல்லணும்னு சொல்லுங்க, இப்ப நான் உங்க குரல்லதானே கேட்டேன்."

அமாவாசைக் கூட்டத்தில் ஒரு குரல்

என் அம்மாவுக்கு உடம்பு தேறியதற்காக மேல்மலையனூருக்கு வேண்டுதல் இருந்தது. அமாவாசை அன்றைக்கு லீவு போட்டு அழைத்துக்கொண்டு போனேன். அந்தக் கூட்டம் உங்களுக்குத் தெரியும், கை விட்டால் ஆள் கிடைக்கமாட்டார்கள். எலுமிச்சம்பழக் கடை ஓரம் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் கடைக்காரரிடம் விலை கேட்டது. எனக்குக் கை தானாகக் காதுக்குப் போய்விட்டது, ஹெட்போனைச் சரி செய்ய.

திரும்பிப் பார்த்தேன். ஒல்லியான, முன்வழுக்கை விழுந்த ஒருவர், பக்கத்தில் மனைவி. வருஷக்கணக்காகத் தினமும் பேசுகிற குரலுக்கு நான் மனசில் வைத்திருந்த ஆள் நல்ல உயரம், மீசை. சந்தேகத்தோடு, திண்டிவனமா என்றேன். அவர் பழத்தைக் கீழே போட்டுவிட்டு, விழுப்புரமா என்றார். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் வரவில்லை. போர்டு இல்லாமல் என்ன பேசுவது? துரைசாமி என்று அவர் பேரையே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவர் மனைவிதான் என் அம்மாவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, கூட்டத்தில் கைபிடித்துச் சன்னதி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்: "நீதானாம்மா அது? தூக்கத்துல 'விழுப்புரம், விழுப்புரம்'னு கூப்ட்டுகினே இருப்பாரு. இத்தினி வருசமா ஊரத்தான் கூப்புடறாருன்னு நெனச்சிகினு இருந்தேன், நல்ல வேள."

சாய்ந்த கம்பம்

ஒரு ஐப்பசியில் புயல் அடித்து ஊரெல்லாம் லைன் அறுந்தது. திண்டிவனம் லைன் மட்டும் இரைச்சலோடாவது உயிரோடு இருந்தது. எப்படி என்று எங்களுக்கே புரியவில்லை. லைன்மேன் ஏழுமலை சைக்கிளில் பார்த்துக்கொண்டே போய், விக்கிரவாண்டி தாண்டி ஒரு வயலில் காரணத்தைக் கண்டுபிடித்தார். கம்பம் சாய்ந்திருந்தது. ஆனால் விழவில்லை. அந்த நிலத்துக் குடும்பம், தங்கள் வீட்டுக் கூரையே பாதி பறந்துவிட்ட நிலையில், பனங்கட்டை இரண்டை முட்டுக் கொடுத்து, மாட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டி வைத்திருந்தது. அவர்கள் வீட்டில் போன் கிடையாது, ஒரு தரமாவது போனில் பேசியவர்களும் இல்லை. ஏன் இந்தப் பாடு பட்டீர்கள் என்று ஏழுமலை கேட்டதற்கு அந்த வீட்டு அம்மா சொன்னாராம்: "எங்க நெலத்துல நின்னுகினு கீது. நாங்க பாக்காம வேற யாரு பாப்பாங்க?"

ஊசியை வரச் சொன்ன வாய்

வல்லம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை மாட்டு வண்டியில் திண்டிவனத்துக்குக் கொண்டு வந்தார்கள். கூலிக்கு மல்லாட்டை பறிக்கப் போன இடத்தில் பாம்பு கடித்துவிட்டது. கைக்குழந்தைக்காரி. டாக்டரிடம் விஷமுறிவு ஊசி தீர்ந்திருந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டும். திண்டிவனம் கூப்பிட்டபோது அந்தக் குரலில் எப்போதும் இருக்கிற சிரிப்பு இல்லை.

பாண்டிச்சேரி லைனில் அந்த நேரம் பேசிக்கொண்டிருந்தவர் மண்டி முதலாளி. நடுவில் நுழைந்து விஷயத்தைச் சொன்னேன். எப்போதும் ஒரு வார்த்தை அதிகமாகவே பேசுகிறவர், உடனே போனை வைத்துவிட்டார். லைனைச் சேர்த்தால் குரல் போகவில்லை. டாக்டர் சொல்லச் சொல்ல நானே பாண்டிச்சேரிக்குச் சொன்னேன். மருந்தின் பெயர் வாயில் நுழையவில்லை, எழுத்து எழுத்தாகக் கொடுத்தேன். அங்கே இருக்கிறது என்று பதில் வந்தது. எப்படி அனுப்புவது என்று அடுத்த கேள்வி. அல்லோ பெரியவர் குறுக்கே வந்து, திண்டிவனம் பஸ் கிளம்பப் போகிறது, டிரைவரை நிறுத்தி வைக்கச் சொல்லி ஸ்டாண்டுக்குப் போன் போடுகிறேன் என்றார். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் மருந்து பஸ் ஏறியது. அப்புறம் நாங்கள் மூன்று ஊர் ஆபரேட்டரும் மற்ற கால்களைப் போட்டுக்கொண்டே காத்திருந்தோம். டூட்டி முடிகிற நேரத்தில் திண்டிவனம் கூப்பிட்டு, கண் திறந்துவிட்டாள் என்றது. பாண்டிச்சேரிக்கும் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஹெட்போனைக் கழற்றினேன்.

அறுப்பு முடிந்த பிறகு ஒருநாள், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்றாள். கூட அவள் புருஷன், கையில் கேப்பை மாவு மூட்டை. உள்ளே வரத் தயங்கினார்கள். நான் எழுந்து போய் யார் வேண்டும் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், குரலைக் கேட்டாள், புருஷனைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டாக்டரு ஊசி போட்டாருங்க. அந்த ஊசிய வரச் சொன்ன வாய் எதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஓய்வு பெற்ற பிறகு கணக்குப் பார்த்தால், என்னைத் திட்டியவர்கள் எல்லாம் கம்பி வழியாகத் திட்டினார்கள், நேரில் திட்ட வந்த ஒருவரும் திட்டாமலே திரும்பினார், நன்றி சொன்னவர்கள் மட்டும் பஸ் ஏறி நேரில் வந்தார்கள், இதைவிட நல்ல ஏற்பாடு வேறு எந்த வேலையிலும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.