இருபத்தைந்துக்கு மேல் போகாத வண்டி

ஏற்காடு ஏரிக்குப் போகும் சாலையில் சசிகலாவும் ஈவ்லினும் சேர்ந்து மின்சைக்கிள் வாடகைக் கடை தொடங்கினார்கள். இருவரும் மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். சசிகலாவின் வீட்டார் பக்கத்து மலைக்கிராமமான கரடியூரில் காப்பியும் சாமையும் விளைவிப்பவர்கள். ஈவ்லினின் அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். விளம்பரமும் கணக்கும் ஈவ்லின் பார்த்தாள். வண்டிகளும் ஓட்ட வருகிறவர்களும் சசிகலாவின் பொறுப்பு.

சாவியைக் கொடுக்குமுன் ஒவ்வொருவரையும் நிறுத்திவைத்துப் பேசுவாள் சசிகலா. ஹெல்மெட் வாரை அவளே இழுத்துப் பார்ப்பாள். இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். வளைவில் மணியடிக்க வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளித்தான் வர வேண்டும். தலைச்சுமையோடு யாராவது எதிரே வந்தால் வண்டிதான் நிற்க வேண்டும். முகம் சுளித்தவர்களுக்கு அவள் சாவி கொடுத்ததில்லை. மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் மோட்டார் இழுக்காதபடி வண்டிகளைக் கம்பெனியிலேயே பூட்டி அனுப்பியிருந்தார்கள். அதைச் சொல்லித்தான் கரடியூர்க்காரர்களிடம் ஊர்வழியே வண்டி விடச் சம்மதம் வாங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்ச் சாலையில் அவர்கள் கடை வண்டி வெள்ளையம்மாளை இடித்துத் தள்ளியது. புல்லுக்கட்டோடு சாலையைக் கடந்தவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அந்த அம்மாள் பார்க்காமல் குறுக்கே வந்துவிட்டாள் என்றான் ஓட்டிவந்தவன். வண்டி கண்மண் தெரியாமல் வந்தது என்றார் அவள் கணவர் பெரியண்ணன்.

ஊர்க்கூட்டத்தில் சசிகலா எழுந்து நின்றாள். ஈவ்லின் அவள் பக்கத்தில் நின்றாள்.

“மாமா, எங்க வண்டி இருபத்தஞ்சுக்கு மேல போவாதுங்க. அந்த எடத்துல எறக்கமும் கெடையாது. அத்தைதான் கவனிக்காம வந்திருப்பாங்க.”

பெரியண்ணன் அவளைச் சிறு வயதிலிருந்தே அறிந்தவர். “நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் கண்ணு” என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தவறு வெள்ளையம்மாள்மீதுதான் என்று ஊர் பேசி முடித்தது.

சில நாள் கழித்து, அதே வண்டியின் பிரேக் கட்டை அளவுக்கு மீறித் தேய்ந்திருந்ததால் சசிகலா அதை மாற்றினாள். சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்கச் சமதளமான சாலையில் ஓட்டிப் போனாள். ஆக்சிலரேட்டரைத் திருகியதும் வண்டி அவளை இழுத்துக்கொண்டு பறந்தது. வேகம் காட்டும் முள் நாற்பதைத் தாண்டியது. உடனே வண்டியை நிறுத்தினாள். கடைக்குத் திரும்பி மற்ற வண்டிகளையும் ஓட்டிப் பார்த்தாள். எல்லாமே அப்படித்தான் ஓடின.

சசிகலா கேட்டபோது ஈவ்லின் மறுக்கவில்லை. வேகம் போதவில்லை என்று வருகிறவர்கள் எல்லாம் வேறு கடைக்குப் போனார்கள், அதனால் சேலத்திலிருந்து ஆளை வரவழைத்துப் பூட்டை எடுத்துவிட்டேன், உன்னிடம் சொன்னால் விடமாட்டாய் என்றாள்.

“கூட்டத்துல நான் பேசறப்போ பக்கத்துலதானே நின்னுட்டிருந்த?”

“நீ நெஜம்னு நம்பிப் பேசுன. அதனாலதான் அவங்களும் நம்புனாங்க.”

சசிகலா நேராகக் கரடியூருக்குப் போனாள். கட்டிலில் படுத்திருந்த வெள்ளையம்மாளிடம் நடந்ததைச் சொன்னாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தாள்.

“எனக்கே சந்தேகமாப் போச்சு சாமி” என்றாள் வெள்ளையம்மாள். “நாந்தான் பாக்காம வந்துட்டனோன்னு நெனச்சு நெனச்சு அழுதேன்.”

பெரியண்ணன் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் சசிகலா ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். போலீசார் வண்டிகளை எடுத்துப்போய்ப் பூட்டை மறுபடி போட வைத்தார்கள். வாடகை வண்டி எதுவும் ஊருக்குள் வரக்கூடாது என்று கரடியூர் முடிவெடுத்தது. கடை கொஞ்ச காலம் மூடிக் கிடந்து, ஈவ்லின் பெயரில் மட்டும் திறந்தது. கூட்டாளிச் சண்டையில் சசிகலா பழிவாங்கிவிட்டாள் என்று ஈவ்லின் சொல்லி வந்தாள். பலர் நம்பினார்கள், சசிகலாவின் சித்தப்பாவே நம்பினார்.

இப்போது சசிகலா வீட்டுக் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாள். வெள்ளையம்மாள் கோலூன்றி நடக்கிறாள். போன வாரச் சந்தையில் ஈவ்லின் எதிரே வந்து, எப்போதும்போல, “உங்கம்மாவுக்கு இப்ப ஒடம்பு தேவலையா?” என்று கேட்டாள். சசிகலா தேவலை என்று பதில் சொல்லிவிட்டாள். தன் குரல் பழைய சிநேகத்தோடே வந்துவிட்டதை நினைத்து வீடு வரும்வரை அவளுக்கு மனம் ஆறவில்லை.